கெட்ட செய்தி முதலில் உங்களிடம் வர வேண்டும்: கடலோரப் பணியிடங்களில் பொறுப்பேற்போருக்கு ஒரு வழிகாட்டி

தொண்டியில் தொடங்கித் தேவிபட்டினம், மண்டபம், பாம்பன், இராமேசுவரம், கீழக்கரை, ஏர்வாடி, வாலிநோக்கம் என நீளும் இராமநாதபுரம் கடற்கரையில் வேலைத்தலங்கள் பல வகைப்பட்டவை. ஐஸ் பேக்டரிகள், நண்டு கம்பெனிகள், இறால் பண்ணைகள், ஏற்றுமதிக்கு மீன் பதப்படுத்தும் கூடங்கள், யாத்திரிகர்கள் தங்கும் விடுதிகள், வங்கிக் கிளைகள், தனியார் மருத்துவமனைகள், தொண்டு நிறுவன அலுவலகங்கள் என்று தொழில் வேறு வேறாக இருந்தாலும், இவற்றில் தலைமைப் பொறுப்பு ஒருவர் கைக்கு வரும் விதம் பெரும்பாலும் ஒன்றுதான். நன்றாக வேலை செய்த ஒருவரை முதலாளியோ மேலதிகாரியோ அழைத்து, நாளையிலிருந்து நீங்கள்தான் சூப்பர்வைசர் என்று சொல்லிவிடுகிறார். வேலையைக் கற்றுக்கொடுக்க மூத்தவர்கள் இருந்தார்கள். வேலை வாங்கக் கற்றுக்கொடுக்க யாரும் இருப்பதில்லை. அப்படிப் பொறுப்புக்கு வந்தவர்களுக்காகவும், 10 பேர் முதல் 60 பேர் வரை உள்ள குழுவை ஏற்கெனவே நடத்திக்கொண்டிருப்பவர்களுக்காகவும் இதை எழுதுகிறேன்.

தொலைநோக்கு, துணிவு, தன்னம்பிக்கை, பேச்சுத் திறன் என்று தலைவருக்குரிய பண்புகளின் பட்டியல் ஒன்றைப் பயிற்சி வகுப்புகளில் தருவார்கள். அவை வேண்டாதவை என்று யாரும் சொல்ல முடியாது. ஆனால், மறுநாள் காலையில் கூடத்துக்குள் நுழையும் ஒருவர் அந்தப் பட்டியலை வைத்துக்கொண்டு எதைச் செய்யத் தொடங்குவார் என்பது விளங்குவதில்லை. என் கருத்தில், ஒரு தலைவரின் தரத்தை அறிய ஒரு கேள்வி போதும்: அவருடைய குழுவில் ஒரு தவறு நேர்ந்தால், அது எவ்வளவு நேரத்தில் அவர் காதுக்கு வருகிறது? சில நிமிடங்களில் வருகிறது என்றால் அங்கே நல்ல தலைமை இருக்கிறது. வாங்கியவர் சரக்கைத் திருப்பி அனுப்பிய பிறகுதான் வருகிறது என்றால், அவர் எவ்வளவு திறமைசாலியாக இருந்தாலும் அங்கே தலைமை இல்லை. நேர்மை, நிதானம், நடுவுநிலை, சொன்ன சொல்லைக் காப்பாற்றுதல் ஆகிய பண்புகள் அனைத்தும், கெட்ட செய்தியை அஞ்சாமல் கொண்டுவந்து சொல்லக்கூடிய ஒருவராக உங்களை ஆக்குவதற்கே பயன்படுகின்றன. அந்த நிலையை எப்படி உருவாக்குவது என்பதைத்தான் கீழே விளக்குகிறேன்.

பொறுப்பேற்ற முதல் மாதம்

முதல் மாதத்தில் உயிருக்கு ஆபத்தான விஷயங்களைத் தவிர வேறு எதையும் மாற்றாதீர்கள். அறுந்து தொங்கும் மின்கம்பி, மூடியில்லாத இயந்திரப் பட்டை, ஐஸ் பேக்டரியில் அம்மோனியா கசியும் குழாய் ஆகியவற்றை அன்றைக்கே சரிசெய்யுங்கள். மற்றவற்றை முதலில் பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டும்.

இந்தக் கரையில் வேலையின் நாட்காட்டியைக் கடல்தான் எழுதுகிறது. இராமேசுவரத்தில் விசைப்படகுகளுக்கு வாரத்தில் திங்கள், புதன், சனி ஆகிய மூன்று நாட்களும், நாட்டுப்படகுகளுக்கு மற்ற நாட்களும் என்று கடல் பங்கிடப்பட்டிருக்கிறது. ஆகவே, விசைப்படகு மீனை நம்பியிருக்கும் கூடத்தில் எந்த நாள் காலையில் வேலை குவியும், எந்த நாளில் கை சும்மா இருக்கும் என்பது முன்கூட்டியே தெரிந்த ஒன்று. கிழக்குக் கரையில் ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் மீன்பிடித் தடைக்காலம். கீழக்கரையில் வெள்ளிக்கிழமைத் தொழுகை நேரம், இராமேசுவரத்தில் ஆடி, தை அமாவாசைகளில் விடுதிகளுக்கு வரும் கூட்டம், கடற்கரை ஊர்களின் தேவாலயத் திருவிழாக்கள், பிள்ளைகளின் பொதுத்தேர்வு மாதம் ஆகியவற்றையும் இதனுடன் சேர்த்து ஒரு பெரிய தாளில் எழுதி எல்லோரும் பார்க்கும் சுவரில் ஒட்டுங்கள். அதற்குப் பிறகு யாரையாவது திடீரென்று கூடுதல் ஷிப்டுக்கு அழைக்க நேர்ந்தால், அந்த அவசரம் உண்மையிலேயே கடலால் வந்ததா, உங்கள் திட்டமிடாமையால் வந்ததா என்பது உங்களுக்கும் அவர்களுக்கும் தெரிந்துவிடும்.

இன்னொன்றையும் இந்த மாதத்தில் செய்யுங்கள். ஒவ்வொரு ஷிப்டிலும் ஒரு முறையாவது தொடக்கம் முதல் முடிவு வரை கூடத்திலேயே இருங்கள். மேற்பார்வை பார்ப்பவராக நிற்காமல், ஒருவர் பக்கத்தில் அமர்ந்து அவர் செய்யும் வேலையைச் செய்து பாருங்கள். நண்டுச் சதை எடுக்கும் பெண்ணுக்கு எட்டு மணி நேரம் கழித்து விரல் நுனி எப்படி இருக்கும் என்பது, அவருக்குப் பக்கத்தில் அமர்ந்து நண்டு உடைத்தவருக்குத்தான் தெரியும். இதனால் அவர்களிடம் நல்ல பெயர் கிடைக்கலாம், கிடைக்காமலும் போகலாம். அதைவிட முக்கியமான பயன் ஒன்று உண்டு: பிற்பாடு ஒருவர் வந்து ஒரு குறையைச் சொல்லும்போது, அவர் எதைப் பற்றிப் பேசுகிறார் என்று உங்களுக்குப் புரியும்.

கெட்ட செய்தியைக் கேட்கும் விதம்

இந்த வழிகாட்டியில் ஒரு பகுதியை மட்டும் படிக்க நேரம் இருப்பவர்கள் இதைப் படித்தால் போதும்.

ஒரு நண்டு கம்பெனியில் காலை ஆறரை மணி என்று வைத்துக்கொள்வோம். மேனேஜருக்கு 28 வயது. வேலைக்கு வந்திருக்கும் பெண்களில் பலர் அவருடைய தாயின் வயதினர். அவர்களில் ஒருவர் குளிர்பெட்டி வரிசையில் அடியில் இருந்ததைத் திறந்து, கையை உள்ளே விட்டுப் பார்த்துவிட்டு வருகிறார். “தம்பி, அடியில இருக்குற பெட்டியில ஐஸ் எல்லாம் தண்ணியாப் போச்சு. ராத்திரியே போயிருக்கும் போல” என்கிறார்.

இந்த இடத்தில் மேனேஜரின் வாயிலிருந்து வரும் முதல் வாக்கியம், அடுத்த ஓராண்டுக்கு அந்தக் கூடத்தில் என்ன நடக்கும் என்பதைத் தீர்மானிக்கிறது. “நைட் ஷிப்ட்ல யாரு இருந்தது?” என்று அவர் சத்தமாகக் கேட்டால், அங்கிருக்கும் எல்லோரும் ஒன்றைக் கற்றுக்கொள்கிறார்கள்: சொன்னால் யாராவது ஒருவர் மாட்டுவார், அந்த ஒருவர் நம் மதினியாகவோ பக்கத்து வீட்டுக்காரராகவோ இருப்பார். அடுத்த முறை பெட்டியைத் திறந்தவர் பேசாமல் மூடிவிடுவார். “சரி சரி, மேல கொஞ்சம் ஐஸ் போட்டு வைங்க” என்று மேனேஜர் நகர்ந்துவிட்டால் கற்றுக்கொள்ளும் பாடம் வேறு: இங்கே மேலே தெரியும் ஐஸ் போதும், அடியில் என்ன ஆனாலும் யாருக்கும் கவலையில்லை. இரண்டாவது பாடம் முதலாவதைவிட ஆபத்தானது.

“நல்லவேளை சொன்னீங்க, அக்கா. அந்தப் பெட்டியை அப்படியே தனியா எடுத்து வைங்க. தெர்மாமீட்டரோட வாரேன், சேர்ந்தே பார்ப்போம்” என்பதுதான் சரியான விடை. இதில் மூன்று விஷயங்கள் இருக்கின்றன. சொன்னவருக்கு நன்றி முதலில் வருகிறது. சரக்கைத் தனியே வைப்பது உடனே நடக்கிறது. குற்றவாளியைத் தேடுவது அந்த நிமிடத்தில் இல்லவே இல்லை. குளிரூட்டிய நண்டுச் சதையை 0 முதல் 4 டிகிரி செல்சியஸ் வரையிலான குளிரில் வைத்திருக்க வேண்டும் என்பதால், சதையின் நடுவில் தெர்மாமீட்டரைக் குத்திப் பார்த்து வரும் எண்ணை, ஆளைப் பார்க்காமல் பதிவேட்டில் எழுதிவிட்டு, சரக்கை என்ன செய்வது என்று தரப் பிரிவுடன் முடிவெடுக்க வேண்டும். கவலைக்குரிய பெட்டி என்றால் நட்டத்தை அன்றைக்கே ஏற்றுக்கொள்வதுதான் மலிவு.

காரணத்தைத் தேடுவது மதியத்துக்கு மேல் நடக்கலாம். அப்போதும் “யார்” என்பதற்கு முன் “எப்படி” என்று கேளுங்கள். மீனின் எடைக்குச் சமமான எடையில் ஐஸ் போட வேண்டும் என்பது நம்மைப் போன்ற வெப்பப் பகுதிகளுக்குப் பொதுவாகச் சொல்லப்படும் அளவு. இரவில் வந்த ஐஸ் அந்த அளவுக்கு இருந்ததா? கரண்ட் எத்தனை மணிக்குப் போய் எத்தனை மணிக்கு வந்தது? பெட்டியின் வடிகால் துளை அடைத்திருந்ததா? இரவில் ஐஸ் குறைந்தால் யாரை அழைக்க வேண்டும் என்று யாருக்காவது சொல்லப்பட்டிருந்ததா? இப்படித் தேடிப் போனால், பெரும்பாலான தவறுகளின் அடியில் ஓர் ஆளின் அலட்சியத்தைவிட, யாரும் கவனிக்காத ஓர் ஏற்பாட்டுக் குறைதான் கிடக்கும்.

கடைசியாக ஒன்று உண்டு. பலரும் விட்டுவிடுவது இதைத்தான். மாலையில் அந்த அக்காவிடம் போய், நீங்கள் சொன்னதால் என்ன தெரியவந்தது, என்ன மாற்றினோம் என்று சொல்லுங்கள். செய்தி கொண்டுவந்தவருக்கு அதன் முடிவு தெரியாமல் போனால், அவர் மூன்றாவது முறை வர மாட்டார்.

இப்படி நடத்தினால், முதல் சில மாதங்களில் பதிவேட்டில் தவறுகளின் எண்ணிக்கை கூடும். முதலாளி உங்களை அழைத்து, நீங்கள் வந்த பிறகுதான் இவ்வளவு தவறு என்று கேட்கலாம். அதற்கு ஆயத்தமாக இருங்கள். ஹார்வர்ட் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஏமி எட்மண்ட்சன் 1990களில் மருத்துவமனைகளில் செவிலியர் குழுக்களை ஆராய்ந்தபோது, நல்ல குழுக்களில் மருந்து கொடுப்பதில் பிழைகள் குறைவாக இருக்கும் என்று எதிர்பார்த்தார். கணக்கு தலைகீழாக வந்தது. நல்ல தலைமை உள்ள குழுக்களில்தான் பதிவான பிழைகள் அதிகம். காரணத்தைத் தேடியபோது, அந்தக் குழுக்களில் இருந்தவர்கள் பிழைகளை மறைக்காமல் பேசினார்கள் என்பது விளங்கியது. மற்ற இடங்களில் பிழைகள் நடந்தும் வெளியே வரவில்லை. இதை முதலாளியிடம் பொறுப்பேற்கும் நாளிலேயே சொல்லிவைப்பது நல்லது. பின்னால் சொன்னால் அது சமாதானம் போலத் தோன்றும்.

வெளியாருக்கு முன்னால் என்ன செய்வது என்ற கேள்வியும் இங்கே வருகிறது. சரக்கு வாங்குபவரோ தணிக்கைக்கு வந்தவரோ குறையைச் சுட்டும்போது, “இது எங்கள் தவறு, பொறுப்பு என்னுடையது” என்று தலைவர்தான் சொல்ல வேண்டும். இராமேசுவரத்தில் பிறந்த அப்துல் கலாம், எஸ்.எல்.வி.-3 ஏவுகலத் திட்டத்தின் இயக்குநராக இருந்தபோது, 1979 ஆகஸ்ட் 10 அன்று நடந்த முதல் முயற்சி தோல்வியுற்றது. அன்று செய்தியாளர்களை எதிர்கொண்டு பொறுப்பை ஏற்றவர் இஸ்ரோ தலைவர் சதீஷ் தவான். 1980 ஜூலை 18 அன்று ரோகிணி செயற்கைக்கோள் சுற்றுப்பாதையை அடைந்தபோது, செய்தியாளர்களிடம் பேசும்படி கலாமை அனுப்பினார். கலாமே பல மேடைகளில் சொன்ன இந்த நிகழ்ச்சி நம் ஊரில் எல்லோருக்கும் தெரியும். ஆனால் இதன் பாதியைத்தான் பலர் எடுத்துக்கொள்கிறார்கள். வெளியே பொறுப்பைத் தலைவர் ஏற்றார். உள்ளே தோல்வியின் காரணம் ஒவ்வொரு பாகமாக ஆராயப்பட்டது. அந்த ஆராய்ச்சி நடக்காமல், வெளியே காப்பாற்றுவது மட்டும் நடந்திருந்தால் அடுத்த ஆண்டின் வெற்றி வந்திருக்காது. உங்கள் ஆட்களை வாடிக்கையாளர் முன்னால் விட்டுக்கொடுக்காதீர்கள். கதவை மூடிய பிறகு தவறை விட்டுவிடவும் செய்யாதீர்கள்.

கேள்வியைச் சரியாகக் கேட்பது

“எல்லாம் சரியாப் போகுதா?” என்று கேட்டால் “சரிதான் சார்” என்ற பதில்தான் வரும். நம் ஊரில் மரியாதை அப்படி. மேலே இருப்பவரின் மனம் நோகாதபடி பேசுவதையே பணிவு என்று பழக்கியிருக்கிறார்கள். ஆகவே, பதில் சொல்பவர் மரியாதைக் குறைவாக நடக்காமலேயே உண்மையைச் சொல்லும்படி கேள்வியை அமைப்பது உங்கள் பொறுப்பு. “இன்னைக்கு எந்த வேலை தாமதமாகும்னு நினைக்கிறீங்க?”, “நேத்து ராத்திரி எது உங்களுக்குத் தொந்தரவா இருந்துச்சு?”, “நான் ஒன்னை மாத்தணும்னா எதை மாத்தச் சொல்வீங்க?” என்று கேளுங்கள். குறை ஒன்று இருக்கிறது என்பதைக் கேள்வியே ஒப்புக்கொண்டுவிடுவதால், அதைச் சொல்வது குற்றம் சாட்டுவதாக ஆகாது. கேட்ட பிறகு சற்று நேரம் பேசாமல் இருங்கள். முதல் பதில் பெரும்பாலும் ஒப்புக்குத்தான் வரும். அதற்குப் பின் வருவதுதான் விஷயம்.

யாரிடம் கேட்பது என்பதும் முக்கியம். 1964 டிசம்பர் 22 இரவு தனுஷ்கோடியை அழித்த புயலில் பாம்பன் ரயில் பாலத்தின் பெரும்பாலான இரும்புத் தூலங்கள் அடித்துச் செல்லப்பட்டன. பாலத்தைச் சீரமைக்க ரயில்வே 6 மாதம் குறித்தது. மேலதிகாரி அதை 3 மாதமாகக் குறைத்தார். பொறுப்பேற்ற இளம் பொறியாளர் இ. ஸ்ரீதரன் 46 நாட்களில் முடித்தார். பிற்காலத்தில் கொங்கண் ரயில்வேயிலும் டெல்லி மெட்ரோவிலும் பெயர் பெற்றவர் அவர்தான். புதிய தூலங்களை வேறு இடங்களிலிருந்து வரவழைத்திருந்தால் இந்த வேகம் முடிந்திருக்காது. போனவை என்று கைவிடப்பட்ட தூலங்கள் கடலடியில் கிடப்பதை மீனவர்கள் சொன்னார்கள்; அவற்றையே மேலே தூக்கிப் பொருத்தினார்கள். செய்தி கடலுக்குப் போய்வருகிறவர்களிடம் இருந்தது. அதைக் கேட்டு நம்பி, திட்டத்தையே அதன்மேல் மாற்றி அமைக்க ஒருவர் முன்வந்தார்.

உங்கள் பணியிடத்திலும் இப்படிப்பட்டவர்கள் இருக்கிறார்கள். இரவுக் காவலர், லாரி டிரைவர், துப்புரவுப் பணியாளர், விடுதியில் துணி வெளுத்துக் கொண்டுவருபவர் ஆகியோரை யாரும் கூட்டத்துக்கு அழைப்பதில்லை. வாரம் ஒரு முறை அவர்கள் இருக்கும் இடத்துக்கு நீங்கள் போய், அங்கேயே நின்று கேளுங்கள். உங்கள் அறைக்கு அழைத்தால் அவர்கள் பேச மாட்டார்கள். கேட்டதை ஒரு சிறு குறிப்பேட்டில் அவர்கள் கண் முன்னாலேயே எழுதிக்கொள்ளுங்கள். தம் சொல் எழுதத் தக்கது என்று ஒருவர் உணர்வதன் பலன் பெரிது.

விதிகளைக் கூடி வகுப்பது

மன்னார் வளைகுடாவில் 21 தீவுகளைக் கொண்ட பகுதி 1986-இல் கடல்வாழ் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. தலைமுறைகளாக அந்தத் தீவுகளைச் சுற்றி மூழ்கிப் பாசி எடுத்துவந்த பெண்களுக்கு அது பெரிய நெருக்கடி ஆனது. பாம்பனை ஒட்டிய சின்னப்பாலம் போன்ற ஊர்களின் பெண்கள் அதை எதிர்கொண்ட விதத்தில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். உரிமைக்காகப் பேசியதோடு அவர்கள் நிற்கவில்லை. மாதத்தில் 12 நாட்கள் மட்டுமே பாசி எடுப்பது என்று தங்களுக்குத் தாங்களே ஒரு வரம்பு கட்டிக்கொண்டார்கள். பாசி மறுபடி வளர வேண்டும் என்பதைக் கடலில் இறங்குகிற அவர்களைவிட அறிந்தவர்கள் யார்? அவர்களுள் ஒருவரான லட்சுமிக்கு 2015-இல் தீவுகளின் இயற்கைச் சூழலைக் காக்கப் பணிபுரியும் அமெரிக்காவின் சீகாலஜி அமைப்பு தன் விருதை வழங்கியது.

வருமானத்தைக் குறைக்கும் ஒரு விதியை, மேலிருந்து யாரும் திணிக்காமல், கண்காணிக்க அதிகாரி இல்லாத கடலில் ஒரு குழு தானாகக் கடைப்பிடிப்பது சாதாரணமான காரியமன்று. அது சாத்தியமானதற்குக் காரணம், விதியைச் செய்தவர்களே அதைச் சுமப்பவர்களாகவும் இருந்ததுதான் என்று நினைக்கிறேன். உங்கள் கூடத்தில் இதை இப்படிச் செய்யலாம். தாமதமாக வருவது, கூடுதல் ஷிப்டைப் பங்கிடுவது, விடுப்பு கேட்பது ஆகிய மூன்றில் எது அதிகச் சச்சரவைத் தருகிறதோ அதை முதலில் எடுத்துக்கொள்ளுங்கள். நீங்கள் விட்டுக்கொடுக்க முடியாத எல்லைகளை, எடுத்துக்காட்டாக, குளிர்க் கிடங்கில் எந்த நேரமும் ஒருவர் இருக்க வேண்டும் என்பதை, முதலிலேயே தெளிவாகச் சொல்லிவிடுங்கள். அதற்குள் எப்படி ஏற்பாடு செய்வது என்பதை அவர்களிடம் விடுங்கள். அவர்கள் கொண்டுவரும் விதி உங்களுக்கு முழுதும் பிடிக்காவிட்டாலும் ஒரு மாதம் நடத்திப் பாருங்கள். முடிவு செய்ததை நல்ல தமிழில், ஒரு பக்கத்துக்கு மிகாமல் எழுதி ஒட்டுங்கள். அந்த விதி உங்களுக்கும் பொருந்த வேண்டும். கூடத்துக்குள் தலையுறை இல்லாமல் மேனேஜர் நடந்து போனால், தலையுறை பற்றிய விதி அந்த நிமிடமே செத்துவிடும்.

உறவுமுறையும் நடுவுநிலையும்

நம் பணியிடங்களில் ஒருவரையொருவர் பெயர் சொல்லி அழைப்பது குறைவு. அண்ணன், அக்கா, தம்பி, மதினி என்றும், கீழக்கரைப் பக்கம் காக்கா (அண்ணன்), லாத்தா (அக்கா) என்றும்தான் பேச்சு. நகரத்து நிறுவனங்களில் படித்துவிட்டு வந்த சிலர் இதை ஒழித்துவிட்டு எல்லோரையும் பெயர் சொல்லி அழைக்க வேண்டும் என்று முயல்கிறார்கள். அது தேவையில்லை. வயதில் மூத்தவரை அக்கா என்று அழைத்துக்கொண்டே அவரிடம் கறாராக இருக்க முடியும். “அக்கா, கையுறை இல்லாம உள்ள விட முடியாது. போட்டுட்டு வாங்க, காத்திருக்கேன்” என்ற வாக்கியத்தில் மரியாதையும் இருக்கிறது, விதியும் இருக்கிறது. இளையவர்களை ஒருமையில் விரட்டுவதுதான் நிறுத்தப்பட வேண்டிய பழக்கம். பதினெட்டு வயதுப் பையனுக்கும் “வாங்க, செய்யுங்க” என்ற பன்மை உரியது.

உறவுமுறைப் பேச்சு ஒன்றை மறைத்துவிடவும் கூடும் என்பதைக் கவனிக்க வேண்டும். யாருக்கு எந்த வேலை என்பது திறமையைப் பார்த்து முடிவாகிறதா, ஊரையும் தெருவையும் சாதியையும் பார்த்து முடிவாகிறதா என்று உங்கள் வேலைப் பட்டியலை எடுத்துவைத்துப் பாருங்கள். கழிவு அள்ளும் வேலையில் எப்போதும் ஒரே தெருக்காரர்கள், கணக்கு எழுதும் மேசையில் எப்போதும் இன்னொரு தெருக்காரர்கள் என்று இருந்தால், அதை யாரும் வாய்விட்டுச் சொல்லாவிட்டாலும் எல்லோரும் அறிவார்கள். அப்படிப்பட்ட இடத்தில் உண்மைச் செய்தி ஒரு தெருவிலிருந்து மட்டுமே உங்களுக்கு வரும். வேலைகளைச் சுழற்சி முறையில் மாற்றுங்கள். குடிதண்ணீருக்கு ஒரே பானை, ஒரே வகை டம்ளர், சாப்பிட ஒரே இடம் என்பதில் எந்தச் சமாதானத்துக்கும் இடம் கொடுக்காதீர்கள். முதலாளியின் உறவினர் வேலைக்கு வந்திருந்தால், அவருக்கும் வருகைப் பதிவு ஒன்றே என்பதை முதல் வாரத்திலேயே நிலைநாட்டுங்கள்; இரண்டாவது மாதத்தில் அதைச் செய்வது மிகக் கடினம்.

பெண்கள் பெரும்பான்மையாக வேலை செய்யும் இடங்களில் தலைமையின் உண்மையான தரம் கழிப்பறையில் தெரியும். தண்ணீர் வராத, தாழ்ப்பாள் இல்லாத கழிப்பறையை வைத்துக்கொண்டு ஊக்கமூட்டும் உரை நிகழ்த்துவதில் பொருளில்லை. 10 அல்லது அதற்கு மேற்பட்டோர் பணிபுரியும் எந்த இடத்திலும், பணியிடப் பாலியல் துன்புறுத்தலைத் தடுக்கும் 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி, மூத்த பெண் ஊழியர் ஒருவரின் தலைமையில் உள்ளகப் புகார்க் குழு இருக்க வேண்டும். உறுப்பினர்களில் பாதிப் பேராவது பெண்களாக இருக்க வேண்டும். வெளியிலிருந்து ஒருவரும் இருக்க வேண்டும். குழுவினரின் பெயர்களைத் தமிழில் எழுதி, பெண்கள் உடை மாற்றும் அறையில் ஒட்டுங்கள். கடைகளிலும் நிறுவனங்களிலும் நாள் முழுவதும் நிற்க வைக்காமல் ஊழியர்கள் உட்கார இருக்கை தர வேண்டும் என்பதையும் தமிழ்நாடு 2021-இல் சட்டத் திருத்தமாகவே கொண்டுவந்துவிட்டது. சட்டம் சொன்ன பிறகு இருக்கை தருவதில் பெருமை கொள்ள ஒன்றுமில்லை. ஆனால் இன்னும் தராதவர்கள் இருக்கிறார்கள்.

வாட்ஸ்அப் குழு

சுருக்கமாகச் சொல்லிவிடலாம். குழுவில் யாரையும் கண்டிக்காதீர்கள். ஒருவருடைய தவறின் படத்தை அங்கே போடாதீர்கள். அவசரமில்லாத எதையும் இரவு எட்டு மணிக்குமேல் அனுப்பாதீர்கள். அவசரம் என்றால் அழையுங்கள். எழுத்துப் படிக்கச் சிரமப்படுபவர்கள் இருந்தால் குரல் பதிவாக அனுப்புங்கள், ஒரு நிமிடத்துக்குள். புயல் எச்சரிக்கை, ஷிப்ட் மாற்றம், சம்பள நாள் ஆகியவை அந்தக் குழுவின் வேலை; நல்வாழ்த்துப் படங்களுக்கு வேறு குழு இருக்கட்டும்.

கண்டிக்க வேண்டிய இடம்

கெட்ட செய்தியை வரவேற்பது என்றால் எதையும் கண்டுகொள்ளாமல் விடுவது என்று சிலர் எண்ணுகிறார்கள். அப்படி விட்டால், நன்றாக வேலை செய்பவர்கள்தான் முதலில் மனம் வெறுத்துப் போவார்கள். தவறு செய்தவருக்கும் தவறை மறைத்தவருக்கும் இடையே தெளிவான கோடு ஒன்றைப் போடுங்கள். பெட்டியில் ஐஸ் குறைந்துவிட்டது என்று சொன்னவருக்குத் தண்டனை இல்லை. குறைந்தது தெரிந்தும், தெர்மாமீட்டரைப் பார்க்காமலேயே பதிவேட்டில் 3 டிகிரி என்று எழுதியவருக்கு உண்டு. இந்தக் கோட்டை எல்லோருக்கும் முன்கூட்டியே அறிவித்துவிட வேண்டும். நிகழ்ச்சிக்குப் பிறகு அறிவித்தால் அது பழிவாங்கலாகவே படும்.

கண்டிக்கும்போது தனியே அழையுங்கள். ஆனால் பெண் ஊழியராக இருந்தால் இன்னொரு மூத்த பெண் உடன் இருக்கட்டும். நடந்ததை மட்டும் சொல்லுங்கள், குணத்தைப் பற்றிப் பேசாதீர்கள். “செவ்வாய்க்கிழமை இரவு 2 மணிப் பதிவு, நீங்கள் கிடங்குக்குள் போகாமலேயே எழுதப்பட்டிருக்கிறது” என்பது பேசித் தீர்க்கக்கூடியது. “நீ எப்பவும் இப்படித்தான்” என்பதற்குப் பதில் சொல்ல எவராலும் முடியாது. அவர் தரப்பைச் சொல்ல விடுங்கள். கடன்காரர் தொந்தரவா, வீட்டில் நோயாளியா, இலங்கைக் கடற்படையிடம் பிடிபட்ட கணவரைப் பற்றிய கவலையா என்பது அப்போதுதான் தெரியவரும். இந்தக் கரையில் கடைசியாகச் சொன்ன கவலை பல வீடுகளில் உண்டு. அதை அறியாமல் ஒருவருடைய கவனக்குறைவை எடைபோடுவது அநியாயம். காரணம் தெரிந்த பிறகும் நடவடிக்கை தேவையென்றால் எடுங்கள், எழுத்தில் கொடுங்கள், அதை மறுநாள் ஊர்ப் பேச்சாக்காதீர்கள். ஒரு வாரம் கழித்து அவரிடம் வழக்கம்போல் பேசத் தொடங்க வேண்டியவர் நீங்கள்தான். அவரால் அது முடியாது.

அடுத்தவரைத் தயார் செய்வது

மீன்பிடித் தடைக்காலமான 61 நாட்களைப் பலர் வேலையில்லாக் காலம் என்று கழிக்கிறார்கள். மீனை நம்பிய தொழிலில் தலைமையை வளர்க்க அதைவிட நல்ல காலம் இல்லை. இயந்திரப் பராமரிப்பு, பதிவேடுகளைச் சீர்ப்படுத்துதல், கூடத்துக்கு வெள்ளையடித்தல் எல்லாம் எப்படியும் நடக்கும். அவற்றுடன், உங்களுக்கு அடுத்த நிலையில் இருப்பவர்களில் இருவரைத் தேர்ந்து, மாற்றி மாற்றி ஒவ்வொரு வாரம் முழுப் பொறுப்பையும் கொடுங்கள். நீங்கள் ஊரிலேயே இருந்தாலும் அவர்கள் அழைக்காமல் கூடத்துக்குப் போகாதீர்கள். அவர்கள் எடுக்கும் முடிவு உங்கள் முடிவிலிருந்து வேறுபட்டாலும், சரக்கும் ஆளும் பாதுகாப்பாக இருக்கும்வரை குறுக்கிடாதீர்கள். வார இறுதியில் ஒரு மணி நேரம் உட்கார்ந்து, என்ன செய்தி வந்தது, யார் கொண்டுவந்தார், எவ்வளவு நேரத்தில் வந்தது என்று மட்டும் கேளுங்கள். இருவரில் யாரிடம் ஆட்கள் விரைவாக வந்து சொல்கிறார்கள் என்பது அப்போது தெரியும். அவர் கணக்கில் சற்றுப் பின்தங்கியவராகவோ, ஆங்கிலம் பேசத் தயங்குபவராகவோ, வயதில் இளையவராகவோ இருக்கலாம். கணக்கைக் கற்றுக்கொடுத்துவிடலாம். ஜூன் 15 அன்று படகுகள் மறுபடி கடலுக்குப் புறப்படும்போது இரவு ஷிப்டை அவரிடம் கொடுங்கள். குளிர்க் கிடங்கின் சாவி, ஐஸ் பேக்டரிக்காரர், எலக்ட்ரீசியன், தரப் பிரிவு ஆகியோரின் கைப்பேசி எண்கள், எந்த அளவு நட்டம் வரை உங்களைக் கேட்காமலேயே அவர் முடிவெடுக்கலாம் என்று தொகையைக் குறிப்பிட்டுக் கையெழுத்திட்ட ஒரு தாள் ஆகிய மூன்றும் அன்று மாலைக்குள் அவர் கையில் இருக்கட்டும்.